மகள் கை தூக்கிய வகுப்பு

மகளை இந்தச் சின்னக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஹாமில்டனிலிருந்து ஆக்லாந்து வந்திருக்கிறோம். தத்துவ வகுப்பில் ஒரே மேசையைச் சுற்றி ஆசிரியரும் மாணவர்களும் இருக்கிறார்கள், நாங்கள் சுவரோரம். ஒரு மாணவி ஆசிரியரை மறுத்துப் பேசுகிறாள். யாழ்ப்பாணக்காரரான அவர் கோபப்படாமல், பலகையில் எழுதியதை அழித்துவிட்டு யோசிக்கிறார். இப்படியொரு வகுப்பில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

மகள் கை தூக்குகிறாள். நான் பதறி அதை இழுத்து இறக்குகிறேன்.

"கையை விடுங்கோ அம்மா, பிள்ளை கதைக்கட்டும்" என்கிறார் ஆசிரியர்.

"இல்லைங்க, சும்மா பார்க்கத்தான் வந்தோம்."

"பாக்கிறதெண்டா மியூசியம் இருக்கே!"

விடுகிறேன். வீட்டில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவள் மூச்சுவிடாமல் வாதாடுகிறாள். மாணவர்கள் நகர்ந்து அவளுக்கு மேசையில் இடம் விடுகிறார்கள். வேலையைப் பற்றிய பயம் எனக்கு அப்படியே இருக்கிறது. இருந்தும் இவளை இங்கேதான் சேர்ப்பேன்.