மீன்குஞ்சுகளுக்குப் பெருக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டு ஹாலுக்கு மீன்தொட்டி வந்தது மீன் மேலிருந்த ஆசையால் அல்ல, வாஸ்துவால். வடகிழக்கு மூலையில் தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால் குடும்பம் விருத்தியாகும் என்று யாரோ சொன்னார்களாம். நீடாமங்கலம் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அப்பா, மறுநாளே கடையை அடைத்துவிட்டுத் தஞ்சாவூர் போய்த் தொட்டியும் ஏஞ்சல் மீன்களுமாக வந்து இறங்கினார். விருத்தி என்றால் என்ன என்று கேட்டேன். “போடீ, போய் ஹோம்வொர்க் எழுது” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பாப்பாவைச் சாமி எடுத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். எனக்குச் சாமி மேல் அப்படியொரு கோபம். ஊரில் எத்தனையோ வீடு இருக்க, எங்கள் பாப்பாதானா கிடைத்தது அவருக்கு?

அத்தை உள்ளறையிலேயே சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அழவும் மாட்டாள். உள்ளே போகும் சோற்றுத் தட்டு அப்படியே வெளியே வரும். இப்படியே விட்டால் ஆளே மிஞ்சமாட்டாள் என்று அம்மா பயந்தாள். தெருமுனை வரை கேட்கப் பேசும் அப்பா, அந்த அறையைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். “சாப்பிட்டாளா?” என்று அம்மாவிடம்தான் கேட்பார், தங்கச்சியிடம் கேட்கமாட்டார்.

ஒருநாள் தொட்டிச் செடியின் இலையில் கசகசாவை வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி முட்டைகள். நான் போட்ட கூச்சலில் அத்தையே எழுந்து வந்துவிட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய்மீன் ஒரு முட்டையைக் கவ்வி விழுங்கியது.

“அடிப்பாவி! பெத்ததையே திங்குதே!” என்றாள் அத்தை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் உரக்கப் பேசியது அதுதான்.

அவளே இலையைக் கிள்ளி, தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டாள். காற்றுக் குழாயையும் அதில் போட்டாள். மீன் கடைக்காரரிடம் போனில் கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். முட்டைகளிலிருந்து வால்கள் துடித்தன. பிறகு ஒருநாள் டப்பு முழுக்கக் குஞ்சுகள் நீந்தின. உப்புத்தண்ணீரில் பொரிக்க வைத்த சிவப்புப் பூச்சிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அதைத் தின்ற குஞ்சுகளின் வயிறு சிவப்பாகத் தெரியும். “பாருடீ, வயிறு ரொம்பிடுச்சு” என்று என்னிடம் காட்டுவாள். பிறகு அவளும் சாப்பிட உட்காருவாள். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தெளியவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் டப்பில் ஊற்றக்கூடாது என்பது அத்தை போட்ட சட்டம்.

ஆடிப்பெருக்கு வந்தது. வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. படித்துறையில் படைத்துவிட்டு, மஞ்சளும் குங்குமமும் பூவும் மிதக்க ஒரு சொம்புத் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு அந்தத் தண்ணீர் பட்டது எதுவானாலும் பெருகும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பா நெல் மூட்டையில் தெளித்தார், கல்லாப்பெட்டியில் தெளித்தார். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா டப்பின் முன்னால் நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, சொம்பில் மிச்சமிருந்ததை அப்படியே அதில் ஊற்றினார். குஞ்சுகளுக்கும் பெருக்கு வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் குஞ்சுகள் மஞ்சள் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அத்தை கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளி நல்ல தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

“யாரு, என்னத்த ஊத்துனது?”

“பெருக்குத் தண்ணிம்மா... பெருகட்டும்னுதான்...” என்று இழுத்தார் அப்பா.

தொலைந்தது, இன்றைக்கு வீடு ரெண்டாகப்போகிறது என்று நான் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, வீடே கிடுகிடுக்க அழுதாள். அழுது ஓய்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“விடுங்கண்ணே. நல்லது நெனச்சுத்தானே செஞ்சீங்க. நான் உங்கள ஒருநாளும் குத்தம் சொல்லல.”

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். இவ்வளவு பெரிய மனுஷன் மீனுக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. “அழாதீங்கப்பா, அது திரும்ப முட்டை போடும்” என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதார்கள்.

பல வருஷம் கழித்து எனக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது, “ராகுகாலமாச்சேங்க” என்று அம்மா வாயெடுக்கும் முன்பே அப்பா காரைக் கிளப்பிவிட்டார். குழந்தை பிறந்து நான் படுத்திருந்தபோது அம்மா மெல்லச் சொன்னாள். அத்தை வலியில் துடித்த அன்று, ராகுகாலம் கழியட்டும் என்று அப்பா காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக்கூடாதா என்று டாக்டரம்மா கேட்டாராம். அதன்பிறகு அப்பாவும் அத்தையும் முகம் பார்த்துப் பேசியதே அந்தப் பெருக்கன்றுதானாம்.

நான் அதையெல்லாம் மீனைப் பற்றிய பேச்சு என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.