விடிவதற்குள் போக வேண்டிய சிவப்பு

மாலை நான்கு மணி, பத்து நகம், வேலுச்சாமி. 1942ஆம் வருஷத்தில் என் தொழில் இந்த மூன்றுக்குள் அடங்கியிருந்தது. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே கொட்டகை போடுவதும் பிரிப்பதுமாக அலைந்த ஒரு சின்ன நாடகக் கம்பெனியில் நான் வேஷம் போட்டுவிடுகிறவன். வேலுச்சாமி எங்கள் ஸ்திரீ பார்ட், அதாவது நாயகி வேஷம் கட்டும் ஆண்பிள்ளை. வயது இருபத்திரண்டு. முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். சேலையை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுவிடலாம். நகச் சிவப்பு மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.

நகத்துக்குச் சாயம் பூசுகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். பூசியது பத்து நாளாவது நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். மூன்றாம் நாளே நுனியில் உரியும். எங்கள் கவலை இதற்கு நேர் எதிர். நாடகம் முடிகிற வரை நிற்க வேண்டும், விடிவதற்குள் அடையாளமே இல்லாமல் போய்விட வேண்டும்.

காரணம், சுருளிப்பட்டியில் இருந்த அவனுடைய தாய்மாமன். "ஆடிப் பதினெட்டோட வேசங்கட்டுறதை விட்டுட்டு வயல்ல எறங்கு. தையில எம் மகளைக் கட்டித் தாரேன்" என்று அவர் சொல்லியிருந்தார். மகள் பெயர் ராமுத்தாய். வேலுச்சாமி சரி என்று சத்தியம் செய்துவிட்டு வந்தான். கம்பெனி முதலாளி, வேறு நாயகி கிடைக்கிற வரைக்கும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவனுக்கும் ஆசை விட்டபாடில்லை. ஆகவே மேடையில் நாயகி, மறுநாள் காலையில் மாமா வயலில் சம்பளமில்லாத ஆள். நடுவில் நான்.

மருதாணி எழுதும் கணக்கு

அதுவரை கம்பெனியில் மருதாணிதான். இலையை அரைத்துப் பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டால் ஒரு சீசனுக்குக் கவலையில்லை. வியர்வைக்கு அசையாது, புளிக்கு அசையாது, சாம்பலுக்கும் அசையாது. நகம் வளர வளர அடியில் வெள்ளை ஏறும், சிவப்பு மெல்ல நுனிக்கு நகரும். ஆடி முதல் வாரத்தில் போடியில் வைத்தேன். அதுவே கடைசி என்று எல்லோரும் நம்பினோம்.

ஆவணிக் கடைசியில், வயலுக்கு வந்தவனைக் கிணற்றடியில் நிறுத்தி, அத்தை பேச்சியம்மாள் அவன் கையை விரித்துப் பார்த்தாராம். அந்தப் பக்கத்துப் பெண்கள் நகத்தைப் பார்த்தே மருதாணி எந்த மாதம் வைத்தது என்று சொல்லிவிடுவார்கள். அத்தை ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்து முடித்துவிட்டு மாமாவிடம் சொன்னது இது: "ஆடியில வச்சது பாதி நகம் ஏறிருச்சு. அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் வைக்கல. பய சொன்ன சொல்லு மாறல."

தேவாரத்தில் ராஜாவின் முதுகு

அன்றோடு மருதாணியைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. ஆனால் பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாக நகத்தை வைத்துக்கொண்டு ஒரு ராணி மேடைக்கு வர முடியாது. தேவாரம் ஊரில் கொட்டகை போட்டபோது குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். பார்வைக்கு நன்றாக இருந்தது. கழுவினால் போய்விடும் என்று வேலுச்சாமிக்கும் நிம்மதி.

இரண்டாம் காட்சியில் போருக்குப் புறப்படும் ராஜாவை ராணி கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழுதாள். ராஜா திரும்பி நடந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்துச் சிவப்பு விரல் தடம். கொட்டகை சிரித்தது. ராஜா பார்ட் நடிகர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். "நான் சண்டைக்குப் போறேனா, சண்டையில இருந்து வாரேனா? அதை மட்டும் சொல்லிருங்க" என்றார்.

காகித நகம்

அடுத்து பட்டம் ஒட்டும் சிவப்புக் காகிதத்தை நக அளவுக்கு வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். உட்கார்ந்து வெட்டவே எனக்கு ஒரு பகல் போயிற்று. நாலு பாட்டு வரை தாங்கியது. அதன் பிறகு பசை காய்ந்து, நாயகி கையை வீசியபோதெல்லாம் ஒவ்வொன்றாகப் பறந்தது. ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: "எம் பெட்டி மேல மூணு நகம் கெடக்கு. யாருதுன்னு விசாரிச்சு வாங்கிக்கங்க."

மதுரையிலிருந்து வந்த புட்டி

புரட்டாசியில் முதலாளி மதுரைக்குப் போய், சீமைச் சாயம் என்று கட்டைவிரல் உயரத்தில் ஒரு புட்டி வாங்கி வந்தார். மூடியிலேயே ஒரு சின்னத் தூரிகை. திறந்ததும் தலை கிறுகிறுக்கும் வாசனை. சின்னமனூரில் பூசினோம். இன்று கடையில் கேட்பவர்கள் சொல்லும் எல்லா லட்சணமும் அதில் இருந்தது. பளபளப்பு, வழவழப்பு, தண்ணீருக்கு அசையாத பிடிப்பு. நாடகம் முடிந்து துடைத்தேன், போகவில்லை. சீயக்காய், மண்ணெண்ணெய், செங்கல் பொடி, எதற்கும் போகவில்லை. அதைப் போக்க வேறொரு புட்டி உண்டாம். கடைக்காரர் சொல்ல மறந்துவிட்டார், அல்லது முதலாளி கேட்க மறந்துவிட்டார்.

காலையில், பெட்ரோல் பஞ்சத்தால் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ் வந்தது. வேலுச்சாமி இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினான். எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பெட்டியைத் திறந்தேன், மூடினேன், ரோட்டுக்குப் போய்ப் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். சாயங்காலம் அவன் வந்தான், முழங்கை வரை காய்ந்த சேற்றோடு.

"என்னடா ஆச்சு?"

"எறங்குனதும் நேரா சேத்துல கையை விட்டேன் அண்ணே. வரப்புக்குச் சேறு அப்பி அண்டை கட்டுற வேலையை நானாக் கேட்டு வாங்கிக்கிட்டேன். கஞ்சியைக்கூட சேத்துக் கையோட வாங்கிக் குடிச்சேன். வரப்புல ஒக்கார்ந்து மாமா பாத்துக்கிட்டே இருந்தாக."

"கண்டுபிடிச்சிட்டாரா?"

"இல்ல. அத்தைகிட்டச் சொன்னாக." வேலுச்சாமி மாமாவின் குரலிலேயே சொன்னான்: "காலையில சேத்துல வச்ச கையைப் பொழுது சாயுற வரைக்கும் எடுக்கல. இவந்தான் வெள்ளாமை செய்யுற சம்சாரி."

ஆசாரி சொன்ன வைத்தியம்

அந்தச் சிவப்பு ஆறு நாள் நின்றது. கண்ணாடிச் சில்லால் சுரண்டியதில் நகம் சொரசொரத்துப் போனது. புட்டியை ஆற்றில் எறிந்துவிட்டு, நான் உத்தமபாளையத்தில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் அவலரக்கை, அதாவது அவல் மாதிரிச் சில்லுச் சில்லாக வரும் அரக்கை, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட்டிலேயே போக வேண்டும். கொட்டகையில் கேஸ் லைட் ஏற்றுவதற்கு ஸ்பிரிட் உண்டு. இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

ஆசாரி வயதானவர். கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்றேன். "கட்டிலுக்கா, பீரோவுக்கா?" என்றார். ஆளுக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலையைத் தொடர்ந்துகொண்டே சொன்னார்: "ஆளுக்குன்னா ரெண்டு கோட்டு போதும். நெழல்ல காய விடுங்க, வெயிலு பட்டா வெடிச்சிரும்."

லைட்டுக்காரர் கேட்ட கேள்வி

அரக்கு ஜெயித்தது. பாட்டுக்கும் அழுகைக்கும் கட்டித் தழுவலுக்கும் நின்றது. முடிந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால் நகம் வெறும் நகமாக இருந்தது. மருதாணி நுனிக்கு நகர்ந்துகொண்டேயிருந்தது. ஐப்பசி முழுக்க வேலுச்சாமி நிம்மதியாக மாமா வீட்டுக்குப் போய் வந்தான். அத்தை பார்க்கக் கேட்டால் அவனே கையை நீட்டினானாம்.

எங்கள் லைட்டுக்காரர் மொக்கையனுக்குத்தான் தூக்கம் போயிற்று. சண்டைக் காலம், எண்ணெய்க்கும் ஸ்பிரிட்டுக்கும் நாயாய் அலைய வேண்டும். நான் பஞ்சோடு வருவதைக் கண்டாலே புட்டியை இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொள்வார். ஒருநாள் வழிமறித்து நின்று கேட்டார்: "நகம் தெரியணும்னா வெளிச்சம் வேணும். வெளிச்சத்துக்கு ஸ்பிரிட்டு வேணும். அதை நகத்துல தேச்சே தீத்துட்டா, இருட்டுல எந்த நகத்தைக் காட்டப்போறீக?"

கடைசி வரிசை

கார்த்திகையில் கம்பத்துக்கு வந்தோம். நல்ல கூட்டம். முதலாளி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, நகம் கறுப்பாகத் தெரிகிறது, சிவப்பே இல்லை என்றார். நாலு நாளில் தீபம். அதற்குள் மதுரையிலிருந்து புது நாயகி வந்துவிடுவாள் என்றும் சொன்னார். இன்னும் இரண்டே நாடகம். என் கை சும்மா இருந்திருக்கலாம். நான் நெசவு வீட்டில் சேலைக்குப் போடும் சாயப்பொடி வாங்கி, ஒரு சிட்டிகை அரக்கில் கலந்தேன். அன்று நகம் கடைசி வரிசைக்கு மட்டுமில்லை, கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

விடிகிற நேரம் பஞ்சால் துடைத்தேன். அரக்கு போயிற்று. சாயம் போகவில்லை. நகத்தின் அடி முதல் நுனி வரை, நேற்று மருதாணி வைத்த கை மாதிரி ஒரே சிவப்பு. கட்டைவிரல் நுனியில் பிறைபோல மிச்சமிருந்த பழைய மருதாணி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், புளி தேய்த்தேன். தோல்தான் வழன்றது. வேலுச்சாமி கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, ஆடியை அழிச்சிட்டீக."

அம்மியில் இருந்தது

அன்று போகாமல் இருக்க முடியாது. வயலுக்கு முறைத் தண்ணீர் அவன்தான் பாய்ச்ச வேண்டும். தப்பு என்னுடையது, நானும் கூடப் போனேன். சட்டைப்பையில் மொக்கையனுக்குத் தெரியாமல் எடுத்த ஸ்பிரிட் புட்டி. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வரை நடந்தோம். வழியில் வாய்க்காலைக் கண்ட இடமெல்லாம் இறங்கி நகத்தைத் தேய்த்தான். ஊர் தெரிந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

மாமா மடை திறக்க முன்னாலேயே போயிருந்தார். வாசலில் அத்தை மட்டும். உள்ளே அம்மியில் ராமுத்தாய் தீபத்துக்கு மருதாணி அரைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அத்தை கையை நீட்டினார். அவன் தன் கையை அதில் வைத்தான். அவர் பத்து விரலையும் பார்த்தார். கட்டைவிரலை இரண்டு தடவை பார்த்தார்.

"எப்ப வச்சது?"

"வைக்கல அத்தை. பூசுனது."

"எப்ப?"

"நேத்து." பிறகு, கேட்காமலே சொன்னான். "ஆடிக்கப்புறமும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மி நின்றது. இவர்தான் பூசினார் என்று அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. நான்தான் என்று நானாகச் சொல்லியிருக்கலாம், நானும் செய்யவில்லை. புட்டியை எடுத்து நீட்ட மட்டும் செய்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

"ராமு," என்றார் அத்தை திரும்பாமலே. "அரைச்ச வரைக்கும் அள்ளிட்டு வா."

ராமுத்தாய் கொண்டுவந்தாள். அவனைப் பார்க்கவில்லை. "நல்லாச் செவக்கணும்னா கொட்டைப்பாக்கு சேக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அதையும் நசுக்கிக் கொண்டுவந்தாள். அத்தை அவனை உட்கார வைத்து, பத்து விரலுக்கும் கெட்டியாகத் தொப்பி வைத்தார். மாமா மண்வெட்டியோடு திரும்பி வந்தபோது மருமகன் கையை விரித்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னலே இது கோலம்?"

"நாந்தான் வச்சுவிட்டேன்," என்றார் அத்தை. "சேத்துல கெடந்து நகம் சொத்தையாப் போச்சு."

மாமா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "சேத்துல நானுந்தேன் கெடக்கேன். எனக்கு ஒருத்தரும் வச்சுவிடல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சத் தானே போனார்.

நான் கிளம்பினேன். அத்தை தெரு முனை வரை வந்தார். என் கையிலிருந்த புட்டியை வாங்கி, முகர்ந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இது இங்கனயே இருக்கட்டும் தம்பி," என்றார். "நாயகிக்கு வேற ஆளைப் பாருங்க. தையில கல்யாணம் கெடையாது. இந்தச் செவப்பு நுனிக்குப் போயி, வெட்டி விழுகுற அன்னைக்கு நாள் குறிப்போம். நடுவுல அடியில ஒரு பொட்டுச் செவப்பு தெரிஞ்சாலும் எம் பொண்ணு எம் வீட்டுலயே இருப்பா."

அன்று மாலை நான்கு மணிக்கு, மதுரையிலிருந்து வருவதாகச் சொன்ன நாயகி வரப்போவதில்லை என்று தெரிந்ததும், முதலாளி நாயகியின் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் விரல்களைப் பார்த்தார். ஸ்பிரிட் எங்கே என்று மொக்கையன் அப்போதும் தேடிக்கொண்டிருந்தார்.

நகத்தில் நெடுநாள் நிற்பது எது என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்தவரை குங்குமம் ஒரு காட்சி, காகிதம் நாலு பாட்டு, அரக்கு ஒரு நாடகம், சீமைச் சாயம் ஆறு நாள், அத்தை வைத்த மருதாணி நாலு மாதம்.

1943ஆம் வருஷம் மாசிக் கடைசியில் சுருளிப்பட்டியில் வேலுச்சாமிக்கும் ராமுத்தாய்க்கும் கல்யாணம் நடந்தது.