ஏடிஎம்முக்கு ஒரு குடை

வாடிக்கையாளர் கையில் கார்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடையை எடுத்து நீட்டுவார். "தெருக்கோடியிலதான் ஏடிஎம். வெயிலா இருக்கு, இதப் பிடிச்சிட்டுப் போயிட்டு வந்துடுங்க." கைக்குழந்தை இருந்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பணத்தோடு திரும்புகிறவருக்கு டீ தயாராக இருக்கும்.

வெறும் கண்ணாடி உறை வாங்க வந்தவருக்கும் டீ. கார்டு மெஷின் பிடிக்கும் இரண்டு சதவீதத்தைவிட டீயின் விலை அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பெரிய மனதோடு என்னை மன்னித்தார்.

"டீக்காரன் என் கண்ணுக்குத் தெரியிறான் சார். இந்த ரெண்டு பர்சென்ட்ட வாங்குறவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. தெருவோ இவருக்கே 'ரெண்டு பர்சென்ட்' என்று பெயர் வைத்துவிட்டது.

மெஷின் இல்லாமல் இல்லை. கல்லாவுக்கு அடியில், துணி போர்த்தி, நிரந்தர ஓய்வில் இருக்கிறது.

போன மாதம் எதிரில் ஒரு பெரிய கண்ணாடிக் கடை திறந்தார்கள். அங்கே கார்டைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். இவர் ஏடிஎம்முக்கு அனுப்பிய ஒருவர், நேர்மையான மனிதர், குடையைத் திருப்பித் தர மட்டும் வந்தார். கையில் எதிர்க்கடைப் பை.

நேற்று கணக்கு டீச்சர் வந்தார். பழைய கண்ணாடி காலையில்தான் உடைந்திருந்தது. போன வாரமே சொல்லிவைத்து, அவர் அளவுக்கே செய்த புது லென்ஸ் தயார். வேறு எந்தக் கண்ணுக்கும் அது ஆகாது. பணம் வராமல் கண்ணாடி கைமாறாது என்பது கடையின் சட்டம். டீச்சர் கார்டை நீட்டினார், சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியிடம். இவர் குடையை நீட்டினார்.

"உங்க கடைப் படியே எனக்குத் தெரியல. ஏடிஎம் பட்டன் மட்டும் தெரியுமா?"

"நான் கூட வரேன் டீச்சர். நம்பரச் சொல்லுங்க, நானே அமுக்குறேன்."

"நல்லாருக்கே! பீரோ சாவியும் தரட்டுமா?" டீச்சர் எழுந்துவிட்டார். "எதிர்க்கடை வரைக்கும் கையப் பிடிச்சுக் கொண்டுவிடுங்க, போதும்."

ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் மனைவி தலை நிமிரவில்லை. "கொண்டுவிடுங்க. அப்படியே அங்க எனக்கு ஒரு வேலை இருக்கான்னும் கேட்டுட்டு வாங்க."

துணி விலகியது. புதுக் கண்ணாடியைத் தம் கையாலேயே டீச்சர் மூக்கில் பொருத்தி, மெஷினை அவர் முன் வைத்தார். ரகசிய எண் போடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தொழில் நாகரிகம்.

ரசீது வந்தது. "திரும்பலாம்" என்றார் டீச்சர்.

இவர் திரும்பவில்லை. கண்களை இறுக்க மூடியபடி சுவரிடம் கேட்டார்: "ரெண்டு பர்சென்ட்ட எடுத்துட்டானா?"