கண்ணை மூடிக்கொண்டு போட்ட லைட்

அல்லிநகரத்து கார் ஷெட்டில் அவரை எல்லோரும் 'வயரிங் அக்கா' என்றார்கள். கணவர் தகரம் தட்டும் டிங்கர் வேலை பார்க்க, கார்களின் எலக்ட்ரிக்கல் வேலை முழுக்க அக்காவுடையது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். ஒயர் முனையைப் பல்லால் உரித்து, அந்தத் துணுக்கைக் கீழே துப்பாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

கீழே விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாமல் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். அதனால் அவருடைய பழைய அம்பாசடரின் பாடியை, மேல்பகுதி நசுங்கிப்போன, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் ஜீப் ஒன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றக் கொடுத்திருந்தோம்.

டாஷ்போர்டில் ஜீப்பின் தொடுதிரையையே வைத்துவிடச் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவை சீட்டில் உட்காரவைத்து, "கண்ண மூடிக்கிட்டு லைட்டப் போடுங்கய்யா" என்றார். அப்பாவின் கை பழைய பழக்கத்தில் வெறும் தகரத்தில் ஓர் இடத்தைத் தொட்டது. அங்கே அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டார். வைப்பருக்கும் அப்படித்தான். பழைய சுவிட்சுகளை அந்த இடங்களிலேயே பொருத்தி, ஜீப்பின் கம்ப்யூட்டரோடு இணைத்தார்.

வண்டி தயாரானதும் அப்பா ஓட்டிவிடுவாரா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சாவியைக் கொடுக்காமல் நின்றேன்.

"ஐயாகிட்ட குடுங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்" என்று அக்கா ஏறிக்கொண்டார். போடி ரோட்டில் போய்த் திரும்பி வந்து இறங்கியவர், "ஐயா நல்லாத்தான் ஓட்டுறாக. நீங்கதான் பயந்துட்டீக" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது அப்பா மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் தனியாகப் போய் வருகிறார். மகனான எனக்கு வராத நம்பிக்கை அந்த அக்காவுக்கு எப்படி வந்ததென்று இன்னும் விளங்கவில்லை. அப்பா வண்டியை எடுக்கிற ஒவ்வொரு காலையிலும் அக்காவை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.