மஞ்சள் பிளேட்டில் நின்றவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாக எழுந்து போகிறவள் நான். தாராவியில் மனுஷனுக்கே நிற்க இடமில்லை, இதில் பேய் எங்கே வந்து நிற்கும் என்று சிநேகிதிகளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இதைக் கேட்டால் நீங்கள் என்னைக் கிண்டல் செய்வீர்கள். செய்யுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் இது நடந்தது பட்டப்பகலில், ஏசி ஓடுகிற அறையில், நான் நல்ல தெளிவோடு இருக்கும்போது.

கிராஃபிக் டிசைன் கடைசி வருஷம். இன்டர்ன்ஷிப் முடித்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் டிகிரி என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பெரிய ஏஜென்சிகள் என் மெயிலுக்குப் பதில்கூடப் போடவில்லை, அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று விட்டுவிட்டு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் போய் நின்றேன். முதலாளி செல்வம் அண்ணாச்சிக்கும் எங்களை மாதிரி திருநெல்வேலிப் பக்கம்தான். முதல் நாளே ஒரு காலண்டர் ஃபைலைக் கொடுத்து, கலர் சரிபார்த்து அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

"இதுல ஒரு சின்னக் கறை கெடந்தாலும் மொத்தக் காலண்டரும் வேஸ்ட்டு. ஒழுங்கா அனுப்பிட்டன்னா நீ இங்க இரு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ, சம்ஜி, புரிஞ்சுதா?" என்றார். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று நினைத்துக்கொண்டேன்.

பாண்டுப்பில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஒருவரின் காலண்டர் அது. மேலே குடும்பப் படம். கடைக்காரர், அவர் மனைவி, காலேஜ் போகிற வயதில் ஒரு மகன். அந்த அம்மாவின் வலது கை மட்டும், யார் தோளிலோ வைத்த மாதிரி அந்தரத்தில் நின்றது. அதை இறக்கிவிடவா என்று கேட்டதற்கு, வருஷா வருஷம் அப்படித்தான் நிற்பார்கள், தொடாதே என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார்.

அச்சுக்குப் போகும்முன் நாலு கலரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட். நீலம் சரி, சிவப்பு சரி, கறுப்பும் சரி. மஞ்சளைத் திறந்தேன், அங்கே நாலு பேர் நின்றார்கள்.

நம்பினால் நம்புங்கள். அந்தக் கைக்குக் கீழே ஒரு பெண் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், ரெட்டைச் சடை, அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். நாலு கலரையும் சேர்த்தால் மூன்று பேர், மஞ்சளை மட்டும் பார்த்தால் நாலு பேர். ஸ்டூடியோக்காரர் அனுப்பிய படத்தை மறுபடி இறக்கி முதலிலிருந்து செய்தேன், அதிலும் இருந்தாள். எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகக் கோபம்தான் வந்தது. கறை கிடந்தால் என் இன்டர்ன்ஷிப் போச்சு, இது கறைதானே. அவளைச் சுற்றிக் கோடு போட்டேன். முழுப் படம் எப்படி வருகிறது என்று பார்க்க நாலு கலரையும் சேர்த்துவைத்து, டெலீட்டில் விரலை வைத்தேன். திரையில் அப்போது மூன்று பேர்தான்.

"அவள அழிச்சிராத மக்கா. இருந்துட்டுப் போட்டும்."

திரும்பினால் படத்தில் இருந்த அதே அம்மா. அச்சுக்கு முன்னால் புரூஃப் தாளைச் சரிபார்க்க வந்திருக்கிறார், கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஹாஸ்டலில் இருக்கிற மகளைப் பற்றி விசாரிக்கிற குரலில், மெதுவாகக் கேட்டார்.

"மெலிஞ்சிருக்காளா?"

"இல்லக்கா, நல்லா வளந்திருக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்கு அழிக்க மனசு வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அப்படியே பிளேட்டுக்கு அனுப்பினேன். அச்சான முதல் தாளை அண்ணாச்சி லென்ஸ் வைத்து மூலை மூலையாகப் பார்த்தார். நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடு என்றார், அவ்வளவுதான். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்தத் தம்பதிக்கு மகனுக்கு அடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டது என்று பின்னால் ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணாச்சி சொன்னார்.

லேசான மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அச்சில் யாரும் பார்க்கவில்லை. கேமராவில் ஏதோ கோளாறு. அந்த அம்மா எனக்குப் பின்னால் முதலிலேயே வந்து நின்றிருப்பார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவேன், அந்தத் திறமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் வளர்ந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும் இல்லையா? நான் அந்தப் பிள்ளையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நான் எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.