கடைசி ரீலில் பிடிபடும் பேய்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்துவிட்டால் முதல் காரியமாக ஜன்னலைத் திறக்கிறார்கள். வெளியே பனி கொட்டினாலும் சரி, போகிற உயிர் போகட்டும் என்பது இந்த ஊர் வழக்கம். சற்று நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, படுக்கை விரிப்பை மாற்றினால் அறை தயார். சில நாட்களில் இன்னொருவர் தன் பூச்சாடியோடும் குடும்பப் படங்களோடும் வந்து அதே கட்டிலில் படுத்துக்கொள்வார். இங்கே செத்தது யார் என்று அவர் கேட்பதில்லை, அவர் பிள்ளைகளும் கேட்பதில்லை. பின்லாந்துக்கு வந்த புதிதில் குளிரைவிட இதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் நான் பிறந்த தெருவில் செத்தவர்கள் அவ்வளவு எளிதில் வீட்டைக் காலி செய்வதில்லை. உயிரோடு இருப்பவர்கள் விடமாட்டார்கள். அவர்களை வைத்து ஆகவேண்டிய வேலைகள் இருக்கும்.

போன குளிர்காலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிறுதோறும் பழைய இந்திப் பேய்ப்படங்களைத் திரையிட்டார்கள். படத்துக்கு முன் நான் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று நூலகர் பைவி கேட்டார். எனக்கு இந்தி தெரியாது என்றேன். “நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்தானே?” என்றார். ஆமாம், ஆனால் இந்தி தெரியாது என்றேன். நான் அடக்கத்தால் மறுப்பதாக நினைத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் போட்டுவிட்டார். சம்மதித்தேன். இந்தி தெரியாதே தவிர, அந்தப் படங்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றை எனக்குச் சொன்னவள் என் அம்மா.

அம்மா ஆற்காட்டுக்காரி. உருது பேசும் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், அதனால் இந்திப் படம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் அப்பா. தறியிலிருந்து எழுந்து வந்த ஆண்களும் சமையலை முடித்த பெண்களும் எங்கள் கூடத்தில் உட்கார, அம்மா சுவரோரம் நின்றுகொண்டு வசனங்களைத் தமிழில் சொல்வாள். பாழடைந்த மாளிகை, மூடுபனி, கையில் விளக்கோடு பாடிக்கொண்டே போகும் வெள்ளைப்புடவைப் பெண், அவள் பின்னாலேயே போகும் கோட்டுப் போட்ட கதாநாயகன். எதிர்வீட்டுச் சரளா அக்கா பயத்தில் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். அம்மா சிரிப்பாள். “பேயப் பாத்து பயந்துக்கினு இருக்காதீங்கமா. அந்த வீடு யாருக்குப் போவுதுன்னு பாருங்க” என்பாள். கறுப்புவெள்ளைக் காலத்துப் படங்கள் பலவற்றில் கதை அதுதான். கடைசி ரீலில் சுவருக்குப் பின்னாலிருந்து சொத்துக்கு ஆசைப்பட்ட மாமனோ திவானோ பிடிபடுவான். வண்ணம் வந்த பிறகுதான் பேய்கள் நிஜமாகவே கல்லறையிலிருந்து எழுந்து பல்லைக் காட்டின. அவற்றை அம்மாவுக்குப் பிடிக்காது. எனக்கு இரண்டும் வேண்டும். முதல் வகை யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறது. இரண்டாம் வகையில், கொல்லப்பட்டவள் யாரிடமும் அனுமதி கேட்காமல் திரும்பி வருகிறாள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார். வீட்டின் மறுபாதியில் சித்தப்பா இருந்தார். சில மாதங்களில் எங்கள் ஓட்டின்மேல் கல் விழத் தொடங்கியது. கொல்லையில் சலங்கைச் சத்தம் கேட்டது. அம்மா அசரவில்லை. “படத்துல வர்ற பேய்தான்மா. கடைசியில மாட்டிக்கும்” என்று என்னை அணைத்துக்கொண்டாள். ஆனால் சித்தப்பா அவளைவிடக் கெட்டிக்காரர். தெருவைக் கூட்டி வைத்து, “அண்ணிய வடநாட்டுப் பேய் ஒண்ணு புடிச்சிக்கினு இருக்குது. நீங்களே கேட்டிருக்கீங்கல்ல, புரியாத பாஷை பேசறத?” என்றார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவள் வாயால் கதை கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தென்னேரி ஏரிக்கரையில் ஒரு பூசாரி இருந்தார். வெள்ளிக்கிழமைக் காலையில், நல்ல வெயிலில், அம்மாவை அங்கே கூட்டிப்போனார்கள். வேப்பங்குழையாலும் பிரம்பாலும் அடித்தார்கள். “பேர் சொல்லு” என்று அடித்தபோதெல்லாம் அம்மா தன் பெயரையே சொன்னாள். கடைசியில் அவள் உச்சி முடியைப் பிடித்து அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். மறுநாள் நானும் அவளும் ஆற்காட்டுக்குப் பஸ் ஏறினோம். அம்மா அதன்பிறகு எந்தப் படத்துக்கும் வசனம் சொன்னதில்லை. நான் நர்சிங் படித்து வெளிநாடு வந்தேன். அவள் ஆற்காட்டு வாடகை வீட்டிலேயே இறந்தாள்.

நூலகத்தில் முதல் படத்தின் கடைசிக் காட்சியில், முகமூடியைக் கழற்றிய மாமனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்ததும் பைவி, “உங்கள் வீட்டில் பேய் உண்டா?” என்று விளையாட்டாகக் கேட்டார். என் அரைகுறை பின்னிஷில், “என் சித்தப்பாதான் பேய்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்து, “ஓதான் ஓசா” என்றார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பொருள். நான் திருத்தவில்லை.

அந்த வசந்தத்தில் சித்தப்பா போன் செய்தார். வீட்டை விற்கப் போகிறாராம். அப்பாவின் பாகத்துக்கு என் கையெழுத்து வேண்டுமாம். “வந்து போட்டுட்டுப் போம்மா” என்றார், தேன் ஒழுக. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சரளா அக்கா வீட்டில் தங்கினேன். முதலில் வீடு பார்க்க வந்தவர்களிடம், “விக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா மறைக்கக் கூடாது பாருங்க, இந்த வீட்ல பேய் இருக்குது” என்றேன். சித்தப்பா பதறிச் சிரித்தார். “நான் சொல்லலீங்க, இவர்தான் சொன்னாரு. தெருவுல யாரை வேணா கேளுங்க” என்றேன். கேட்டார்கள். தெரு ஆமாம் என்றது. அடுத்து வந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள்.

சித்தப்பா என்னைத் தனியே பிடித்தார். “ஏம்மா, பழசையெல்லாம் கிளறிக்கினு இருக்க?”

“நீங்கதான சொன்னீங்க, எங்கம்மா மேல உக்காந்துக்கினு இருந்ததுன்னு. அது எங்க போச்சின்னு வாங்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“இப்ப நான் என்னதான் செய்யணும்?”

“அன்னைக்குத் தெருவக் கூட்டித்தான பேய்னு சொன்னீங்க. இன்னைக்கும் கூட்டிச் சொல்லுங்க, இல்லைன்னு.”

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு பட்டுக்கடைக்காரர் வீட்டை விடாமல் கேட்கவே, வழியில்லாமல் இறங்கி வந்தார். காலை வெயிலில், வாசலில், தெரு சூழ்ந்து நிற்க, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பேயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஓட்டு மேல கல்லு போட்டது நான்தான். அண்ணி நல்லாத்தான் இருந்தாங்க.”

“அடப்பாவி! அந்தப் பொம்பள முடிய அறுத்தீங்களேடா!” என்று சரளா அக்கா கத்தினாள். அன்று பேசாமல் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி. அழுகையை அடக்க அவளால் முடியவில்லை.

கடைக்காரர் என்னிடம் திரும்பினார். “அப்ப முடிச்சிக்கலாமாம்மா?”

“இல்லீங்க. பேய் இல்லைன்னு ஆயிடுச்சே, நல்ல வீட்ட நான் எதுக்கு விக்கணும்?”

பழிவாங்கியவர்களுக்கு மனம் வெறுமையாகிவிடும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது. சரளா அக்கா வைத்த காரக்குழம்புக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் தென்னேரிக்குப் போனேன். புளியமரம் இருந்தது. அடிமரம் முழுக்கத் துருவேறிய ஆணிகள். எது அம்மாவுடையது என்று தெரியவில்லை. எல்லா ஆணிகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

அப்பாவின் பாதியைச் சுத்தம் செய்து, கூடத்தில் புதிதாக ஒரு டிவி வாங்கி வைத்து, பூட்டி, சாவியைச் சரளா அக்காவிடம் கொடுத்தேன். அவள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே போய் விளக்கைப் போடுகிறாள், டிவியையும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறாள். போன வாரம் நான் வேலைக்குப் போக, முழங்கால் பனியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அழைத்தாள். சத்தம் கேட்டு மறுபாதியிலிருந்து சித்தப்பா வந்து வாசலில் நின்றாராம்.

“யாரு உள்ளன்னு கேட்டாரும்மா.”

“நீ என்னக்கா சொன்ன?”

“வீட்டுக்காரம்மா இருக்கறாங்கன்னு சொன்னேன்.”