சேரக்காவின் சண்டை நாற்காலிகள்

இந்த ஊர்க்காரர்கள் மற்ற நாட்களில் பரம சாதுக்கள். வங்கி வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தால்கூட மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் கல்யாண மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அதே ஆட்களுக்கு என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அழைப்பிதழில் பெரியப்பா பெயரைச் சின்ன எழுத்தில் போட்டதற்கு ஒரு மண்டை உடைந்திருக்கிறது. போட்டோவில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்ற தகராறில் ஒருவருக்கு விலா எலும்பு போயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடிக்கப் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்தெறிந்தவனுடைய மூக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. மறுநாள் காலையில் அடித்தவனும் அடிபட்டவனும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார்கள்.

மண்டபத்தில் அடிக்கக் கைக்கு வருவது நாற்காலிதான். ஊரில் நாற்காலி வாடகைக்கு விடுகிறவள் ஒருத்திதான். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயாவது காகிதத்தில் இருக்கும். சேர் வாடகைக்கு விடுவதால் ஊருக்கு அவள் சேரக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் அவளிடம் இருந்தவை மடக்கு இரும்பு நாற்காலிகள். அவளுடைய தம்பி அதில் ஒன்றைத் தூக்கிச் சுழற்றிய நாள் வரைக்கும். தம்பிக்கு லாரிப் பட்டறையில் வேலை. டயர் மாற்றி மாற்றி இறுகிப்போன கை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மரக்கடைக்காரர் அவனைப் பார்த்து, "கிரீஸ் கையோட சாப்பிட உக்காராதே" என்றார். அவ்வளவுதான். நாற்காலி முதல் சுற்றில் மரக்கடைக்காரரின் தாடையைப் பெயர்த்தது. திரும்பி வந்த சுற்றில், விலக்கிவிட ஓடி வந்த சேரக்காவின் வீட்டுக்காரருடைய காதோடு சேர்த்து அறைந்தது. மரக்கடைக்காரருக்கு அன்றோடு வாய் கோணிப்போயிற்று. வீட்டுக்காரருக்கு இடது காது போயிற்று. தம்பி ஜெயிலுக்குப் போனான்.

வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மறுநாளே சேரக்கா இரும்பு நாற்காலிகளையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினாள். "நான் ஒரு காதைத்தான் குடுத்தேன். நீ கடையையே தூக்கிக் குடுத்துட்ட" என்று வீட்டுக்காரர் கத்தினார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார்.

பிளாஸ்டிக் நாற்காலியாலும் அடிக்கலாம், கை காலை உடைக்கலாம் என்பது சீக்கிரமே தெரிந்தது. சேரக்கா யோசித்தாள். மொட்டை மாடியில் வருஷக்கணக்காக வெயிலில் கிடந்த பழைய நாற்காலிகளில் ஒன்றை ஒருநாள் இழுத்தபோது அது கையோடு நொறுங்கி வந்தது. அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. நல்ல நாற்காலிகளை வரிசை வரிசையாகக் காலோடு கால் சேர்த்துக் கயிற்றால் கட்டிப்போடுவாள். ஒருவன் தூக்க நினைத்தால் வரிசையையே தூக்க வேண்டும். வெயிலில் வெந்த நாற்காலிகளை மட்டும் கட்டாமல், சண்டை வரக்கூடிய மூலைகளில் கைக்கு வாகாகப் போட்டுவைப்பாள். கோபம் வந்தவன் அதைத்தான் எடுப்பான். ஓங்கி அடிப்பான். அது எதிராளியின் முதுகில் பட்டுச் சில்லுச் சில்லாகச் சிதறும். சத்தம் பயங்கரமாக இருக்கும், அடித்தவனுக்கும் திருப்தி, வாங்கியவனுக்கும் சிராய்ப்போடு போய்விடும். ஊர் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "அக்கா, என் மச்சினன் வரான். சண்டை நாற்காலி கொஞ்சம் தாராளமா போடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். தெரியாமல் அதில் உட்கார்ந்து விழுந்த ஒரு பெரிய மனிதரால் புதிதாக ஒரு சண்டை வந்ததும் உண்டு.

தம்பி ஜெயிலிலிருந்து வந்து வருஷங்கள் ஓடின. அவன் பெண் வளர்ந்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையனை விரும்பினாள். விசாரித்தால், பையன் மரக்கடைக்காரரின் அண்ணன் மகன்! அண்ணன் காலமாகிவிட்டார். பையனின் அம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்து மகனை ஆளாக்கியவள். கொழுந்தனான மரக்கடைக்காரர் குதித்ததை அவள் காதில் வாங்கவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, வெறுந்தரையில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். உங்க கைதான் எனக்குப் பயம். மண்டபத்துல நீங்க யார் மேலயாவது கை நீட்டினீங்கன்னா அந்த நிமிஷமே என் பையனைக் கூட்டிட்டு எழுந்து போயிடுவேன். அப்புறம் கால்ல விழுந்தாலும் கிடையாது."

தம்பி தன் கைகளைப் பார்த்தான். பெண் அப்பாவைப் பார்த்தாள். சேரக்கா முந்திக்கொண்டு, "நீட்ட மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

பொறுப்பு ஏற்றவள் சும்மா இருக்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் தம்பியைத் தன் கடைக்கு வரச் சொன்னாள். நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வை. எடுக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"என்னக்கா!"

"மரக்கடைக்காரன் பூ போடவா வருவான்? பழகிக்கோ. வலிக்குதா?"

"நீ அடிச்சா வலிக்கலக்கா."

"அப்ப இன்னொண்ணு வாங்கிக்கோ."

திட்டினாள், காறித் துப்பினாள், கன்னம் சிவக்கச் சிவக்க அறைந்தாள். முதல் நாட்களில் தம்பியின் கை தானாகவே வெளியே பாய்ந்தது. போகப் போக அடங்கியது. "கோவம் வந்தா என் மூஞ்சியைப் பாரு. வேற எங்கயும் பாக்காத" என்று சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, "நானும் ஒண்ணு குடுக்கலாமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓங்கி ஒன்று வைத்தார். "இது காதுக்கு." தம்பியின் உதட்டில் ரத்தம் வந்தது. கை தொடைக்கடியிலேயே இருந்தது. மூவரும் சிரித்தார்கள்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே சேரக்கா மண்டபத்துக்குப் போய் ஒவ்வொரு வரிசையையும் தன் கையாலேயே கட்டினாள். மரக்கடைக்காரருக்கும் அவருடைய மச்சினன்மார் இருவருக்கும் கடைசி வரிசையில் இடம். தம்பிக்கு மேடைக்குப் பக்கத்தில். சண்டை நாற்காலிகளை வழக்கம்போல மூலைகளில் பரப்பினாள்.

மரக்கடைக்காரர் கடைசி வரிசையில் உட்காரவே இல்லை. தம்பி யாரையோ வரவேற்க எழுந்த நேரம் பார்த்து, நேராக நடந்து வந்து அவன் இடத்தில் கால் மேல் கால் போட்டு அமர்ந்தார். மச்சினன்மார் இரு பக்கமும் நின்றார்கள். தம்பி திரும்பி வந்து பார்த்தான். மூலையில் தனியாகக் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"என்னய்யா, கையை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" மரக்கடைக்காரர் எழுந்து வந்தார். கோணிய வாயில் எச்சில் தெறித்தது. "என் தாடையைப் பேத்த கை எங்க? எடு. ஊரு பாக்கட்டும்."

தம்பி அக்காவின் முகத்தைத் தேடினான்.

மரக்கடைக்காரர் விட்ட முதல் அறை மண்டபத்தின் மறுகோடி வரை கேட்டது. பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டாவது அறையில் தம்பியின் தலை சுவரில் மோதித் திரும்பியது. மூன்றாவதாக ஒரு மச்சினன் நெஞ்சில் உதைத்தான். தம்பி உட்கார்ந்திருந்தது சண்டை நாற்காலி. அது அடியோடு நொறுங்கியது. கை தொடைக்கு அடியில் இருந்தபடியே அவன் தரையில் விழுந்தான். உடைந்த முனைகள் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏறின. அப்போதும் அவன் கையை வெளியே எடுக்கவில்லை. மூவரும் உதைத்தார்கள். வயிற்றில், முகத்தில், விலாவில். செருப்பின் குதிகால் பட்டுப் புருவம் கிழிந்தது.

யாரும் அசையவில்லை. பையன் வீட்டார் தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண் வீட்டாருக்கோ, விலக்கப் போனால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். மேடையில் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தம்பியின் ஒரு கண் மூடிவிட்டது. திறந்திருந்த மற்றொரு கண்ணால் அவன் அக்காவைத்தான் பார்த்தான். அவள் சொல்லிக்கொடுத்தது அதுதான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் கண்ணும் மூடிவிடும், பிறகு திறக்கவே திறக்காது என்று சேரக்காவுக்குத் தெரிந்துபோயிற்று.

பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கி மரக்கடைக்காரரின் முதுகில் போட்டாள். காய்ந்த சருகு போல் உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. அவர் திரும்பிச் சிரித்தார். "உன் சரக்கு எனக்குத் தெரியாதா சேரக்கா? கொண்டா, இன்னும் கொண்டா!"

நல்ல நாற்காலிக்குப் பாய்ந்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. வெறி வந்து இழுத்ததில் வரிசையே அவளோடு வந்தது, அதில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "ஏம்மா, என்னை எங்க இழுத்துட்டுப் போற?" என்று கத்தினார். வரிசையை விட்டுவிட்டு மரக்கடைக்காரர் மேல் விழுந்தாள். முழங்கைக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். அவர் மற்றக் கையால் அவள் வாயிலேயே குத்தினார். முன்பல் ஒன்று கழன்று நாக்கில் உருண்டது. துப்பிவிட்டு மறுபடியும் கடித்தாள். மச்சினன் ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து மேடையோரம் வீசினான்.

விழுந்த இடத்தில் மைக் ஸ்டாண்டு நின்றது. அடியில் கனத்த இரும்பு வட்டு. சேரக்கா எழுந்தாள். ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, தம்பியை உதைக்க ஓங்கிய மரக்கடைக்காரரின் ஊன்றுகால் முட்டியில் இறக்கினாள்.

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. முட்டி உடைந்த சத்தமும் அவருடைய ஓலமும் வாசலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் வழியாகத் தெரு முழுவதும் கேட்டன. பஸ் ஒன்று நின்றுவிட்டது. அவள் அடுத்ததாக மச்சினனின் தோளில் இறக்கினாள், அவன் சுருண்டான். இன்னொருவன் கதவைத் தேடி ஓடினான். ஸ்டாண்டு அவள் கையிலிருந்து நழுவித் தம்பியின் பக்கத்தில் விழுந்தது. அவன் முனகல் ஊருக்கே கேட்டது.

"நான் கை நீட்டல... நான் கை நீட்டல..."

பையனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தரையில் மண்டியிட்டாள். தம்பியைப் புரட்டி, அவன் கைகளை வெளியே எடுத்தாள். உள்ளங்கைகளில் பிளாஸ்டிக் முனைகள் குத்தி நின்றன. அதில் இருந்தது அவனுடைய ரத்தம் மட்டும்தான். வெகுநேரம் பார்த்தாள்.

"பொண்ணோட அப்பா கை நீட்டல. கல்யாணம் நடக்கும்" என்றாள். பிறகு சேரக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மரக்கடைக்காரரின் கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

போலீஸ் வந்து சேரக்காவை ஜீப்பில் ஏற்றியபோது உள்ளே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

மாலையில் தம்பி இரண்டு கையிலும் கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்தான். கம்பிக்கு வெளியே நின்றான்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுதுக்கா. பொண்ணு கிளம்பிப் போயிட்டா." "சம்பந்தியம்மா ஒண்ணு சொன்னாங்க. நீ அவங்க வீட்டுப் படி ஏறக் கூடாதாம். பொண்ணும் உன் வீட்டுக்கு வரக் கூடாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்க்கா."

சேரக்கா பல் போன இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "வேற என்ன சொல்லுவ" என்றாள். "போய்ப் படு. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி இருக்கு."

அவள் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். கடை ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்காரர் கத்திக் கத்தி நடத்திவைத்திருந்தார். கடைத்தெருவில் தம்பி பெண்ணைத் தூரத்தில் இரண்டொரு தரம் பார்த்தாள். கூடவே மாமியார் இருந்ததால் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அன்றைக்கெல்லாம், கேட்கிற காதைச் சேரக்கா பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தும் வீட்டுக்காரருக்குக் கேட்டது பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்து சில வாரம் கழித்து, ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மரக்கடைக்காரர். ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, அழைக்காமலே உட்கார்ந்தார்.

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் சுவரைப் பார்த்து. "பக்கத்து ஊர்ல கேட்டேன். கட்டாத நாற்காலிதான் இருக்காம். என் மச்சினன்மாரைப் பத்தித்தான் உனக்கே தெரியுமே."

"கட்டித் தரேன். ஆனா நான்தான் வந்து போடுவேன். கல்யாணம் முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

அவர் தாடையைத் தடவினார். பிறகு முட்டியைத் தடவினார். "சரி, வந்து இரு. மைக் பக்கம் மட்டும் போயிடாதே."

சேரக்கா சிரிக்கவில்லை. கயிற்றுச் சுருளை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டே, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டாள். "என் தம்பி பொண்ணு வருவாளா?"

"என் அண்ணன் மருமக வராம என் வீட்டுக் கல்யாணமா? கைப்பிள்ளையோட முதல் வரிசையில உக்காரப் போறா. எங்க அண்ணி வீட்டுப் படியைத்தானே சொன்னாங்க. மண்டபத்தை ஒண்ணும் சொல்லலையே."

சேரக்காவின் விரல்கள் கயிற்றில் நின்றன. நிமிர்ந்தாள்.

"எத்தனை நாற்காலி வேணும்?" என்று கேட்டாள்.